கண்டி வீதியும் கலியாண முகூர்த்தங்களும்

யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது கண்டி வீதி. தம்புள்ளையிலும் மாத்தளையிலும் இருப்பவர்களுக்கு அதுவே யாழ்ப்பாண வீதி. சுமார் 320 கிலோமீற்றர் நீளமான அந்த வீதியை 'ஏ9' என்று வீதித் துறை அதிகாரிகளுக்கு வெளியே எவரும் அழைத்ததாக என் இளமைக்கால ஞாபகத்தில் இல்லை. போர்ச் செய்திகள்தான் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தன. வீதி மூடப்பட்ட நாளும் திறக்கப்பட்ட நாளும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பெற்றன. நானும் அப்படியான செய்திகள் பலவற்றை எழுதியிருக்கிறேன்.

ஆனால், ஒரு வீதியின் வரலாற்றை இராணுவ அறிக்கைகளை மாத்திரம் வைத்து எழுதிவிட முடியாது என்பது எனது எண்ணம். அந்த வீதி யாரை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, யாரைச் சேர்க்காமல் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குக் கலியாண வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. செத்தவீட்டுக்குப் போக முடியாதவரை உலகம் மன்னித்துவிடும். கலியாணத்துக்கு வராதவரை எங்கள் சமூகம் இலேசில் மறப்பதில்லை. பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் எந்தச் சோதனைச் சாவடிக்காகவும் காத்திருப்பதுமில்லை.

இந்த வீதியின் பழைய கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். இலங்கையின் பெருந்தெருக்கள் பிரித்தானியர் ஆட்சியில் அமைக்கப்பட்டபோது அந்தப் பணியில் முன்னின்றவர் தோமஸ் ஸ்கின்னர். பதினைந்து வயதுச் சிறுவனாக இராணுவ சேவையில் சேர்ந்து 1867 இல் ஓய்வுபெறும்வரை அவர் தெருக்களோடு வாழ்ந்தார். ஆனால் அந்தத் தெருக்களில் கல்லுடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் வேறு. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் தெருவேலை செய்யவேண்டும் அல்லது மூன்று ஷில்லிங் வரி கட்டவேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அந்த வரியும் ஒரு காரணம்.

வீதியின் தென்பகுதிக்கு இன்னொரு சோகமும் உண்டு. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டினூடே நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2023 இல் மலையக மக்கள் தமது வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்து சென்றது அதனால்தான். மதவாச்சிச் சந்தியில் ஒரு வீதி மன்னாருக்கும் மற்றொன்று யாழ்ப்பாணத்துக்கும் பிரிகிறது. இலங்கைத் தமிழரின் இரு பெரும் பயணங்கள் சந்திக்கும் இடம் அது.

வடக்கே போவது அக்காலத்தில் எளிதான காரியமல்ல. 1905 ஜனவரியில் இளம் சிவில் சேவை அதிகாரியாக யாழ்ப்பாணம் சென்ற லெனாட் வூல்ஃப், அநுராதபுரம்வரை ரயிலிலும், அங்கிருந்து ஆனையிறவுவரை தபால் ஏற்றிச் சென்ற மாட்டு வண்டியிலும், பின்னர் மறுபடியும் ரயிலிலும் பயணம் செய்ததைத் தமது சுயசரிதையில் பதிந்திருக்கிறார். தமது நாயையும் வோல்டேரின் நூல் தொகுதிகளையும் அவர் கூடவே கொண்டு சென்றார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தண்டவாளம் முழுமையாக இணைக்கப்பட்டது. அதன் பின்னர் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஓர் இரவுத் தூரம் என்றாகிவிட்டன.

யாழ்ப்பாணத்துக் கலியாணங்களின் போக்கையே அந்த ரயில் மாற்றியது. கொழும்பில் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை இரவுத் தபால் வண்டியில் ஏறினால் சனி காலையில் ஊரில் நிற்பார்கள். ஞாயிறு இரவு மீண்டும் ஏறினால் திங்கள் காலையில் கந்தோர் மேசையில் இருப்பார்கள். அரசாங்க ஊழியர்களுக்குக் கிடைத்த ரயில் வொரன்ற்றில் ஒன்றைக் கலியாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெரியவர்களை நான் அறிவேன். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது பகற்பயணமும் சேர்ந்துகொண்டது. வசதி படைத்தவர்கள் மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும் கண்டி வீதியால் வந்து, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனார்கள். வார இறுதியில் நண்பனின் கலியாணத்துக்குப் போய்வருவது என்பது செய்தியாகவே கருதப்படாத காலம் அது.

1990 ஜூனில் அந்தக் காலம் முடிந்தது. ரயில் நின்றது. ஆனையிறவு மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற மக்கள் முதலில் சங்குப்பிட்டி, பின்னர் ஊரியான் - கொம்படி, அதன் பின்னர் கிளாலி என்று பாதை மாறி மாறி அலைந்தார்கள். கிளாலிக் கடனீரேரியில் விளக்கில்லாத வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டப்பட்டு இரவில் இழுத்துச் செல்லப்பட்டன. 1993 ஜனவரியில் அந்த நீரில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் மக்கள் போனார்கள். போகாமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம்.

அவ்வாறு போனவர்களில் மணப்பெண்களும் இருந்தார்கள். கனடாவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருந்த மாப்பிள்ளை யாழ்ப்பாணம் வரமுடியாது. பெண்தான் வரவேண்டும். கிளாலியில் வள்ளம் ஏறி, வன்னியைக் கடந்து, தாண்டிக்குளத்தில் சோதனைக்கு நின்று, வவுனியாவில் பாஸ் எடுத்து, கொழும்பில் லொட்ஜ் அறையொன்றில் விசாவுக்காகக் காத்திருந்து, கடைசியில் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு மண்டபத்தில் தாலி ஏறும். பெற்றோர் இருவரும் கூட வந்தால் அது பெரும் பேறு. தந்தையின் இடத்தில் சிறிய தந்தையோ, யாரோ ஒரு தூரத்து உறவினரோ நின்று தாரை வார்த்த கலியாணங்கள் எத்தனையோ நடந்தன. இவை எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வரவில்லை.

எனது பல்கலைக்கழக நண்பர் ஒருவரின் கதையை இங்கு சொல்வது பொருத்தம். அவர் தென்மராட்சியைச் சேர்ந்தவர், ஆசிரியர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தபோது, அவருடைய வீட்டில் நான்கு குடும்பங்கள் வந்து தங்கின. அவற்றுள் ஒன்று, 1990 இலேயே வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு ஐந்து வருடங்கள் உறவினர் வீடுகளில் வாழ்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்த மகளை நண்பருக்குப் பேசினார்கள். சாதகம் பொருந்தியது. ஆவணியில் செய்யலாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது. மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் கிளாலியால் வன்னிக்குப் போனார்கள். திரும்பிப் போவதற்கு வீடில்லாத அந்தப் பெண்ணின் குடும்பம் வன்னிக்குப் போய் மல்லாவியில் கொட்டில் போட்டது. நண்பர் தாயாரோடு ஊரில் நின்றுவிட்டு, பின்னர் திருகோணமலைக் கப்பலில் கொழும்புக்கு வந்து ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். தென்மராட்சியிலிருந்து மல்லாவிக்கு, வீதி திறந்திருந்தால், இரண்டு மூன்று மணித்தியாலப் பயணம். அந்தப் பயணத்துக்கு அவர்கள் ஆறு வருடங்கள் காத்திருந்தார்கள்.

அந்த ஆறு வருடங்களில் இதே வீதிக்காக நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 1997 மே 13 ஆம் திகதி 'ஜயசிக்குறு' நடவடிக்கை ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறப்பதே அதன் நோக்கம் என்று அரசாங்கம் சொன்னது. ஒன்றரை வருடத்துக்கு மேல் நடந்து, இரு தரப்பிலும் பெருந்தொகையானோர் மடிந்து, 1998 டிசெம்பரில் அது கைவிடப்பட்டது. 1998 செப்ரெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே வீழ்த்தப்பட்டது. அதில் சென்ற எவரும் பிழைக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த மோதல்களில் சாவகச்சேரிப் பட்டணம் தரைமட்டமாயிற்று. நண்பரின் வீட்டுக் கூரையும் அப்போதுதான் போனது.

வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்று அவருக்குச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கும் அப்படிச் சொல்லியிருப்பார்கள். கைமாறிக் கைமாறி வந்த கடிதங்கள் சில மாதங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. ஆனால் கடிதம் வந்த நாளை அவருடைய முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வோம்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரல் 8 ஆம் திகதி முகமாலைப் பாதை திறக்கப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து, பிரபாகரன் கிளிநொச்சியில் நடத்திய செய்தியாளர் மாநாட்டுக்காக உலகப் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கணக்கில் அந்த வீதியால் சென்றார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அதே வீதியில், அதே மாதங்களில், பன்னிரண்டு வருடங்களாகக் காணாத சகோதரியைக் காணவும், பேசி முடித்த சம்பந்தத்தை நிறைவேற்றவும் சென்றவர்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நண்பரின் திருமணம் 2003 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நிச்சயமானது. பெண் வீட்டில் நடக்கவேண்டிய சடங்கு, பெண்ணின் வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தமையால், மாப்பிள்ளை வீட்டு முற்றத்திலேயே நடப்பதாக ஏற்பாடு. கொழும்பிலிருந்து ஒரு வாடகை வானில் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டோம். நண்பர்கள் நால்வர், மாப்பிள்ளையின் மாமி, அவருடைய பேரப்பிள்ளை ஆகியோருடன் சாரதி. கூறைச்சேலை மாமியின் மடியில் இருந்தது. வெள்ளவத்தையில் வாங்கிய நேரத்திலிருந்து அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்கு வந்து கண்டி வீதியில் ஏறினோம். விடியற்காலையில் வவுனியா. ஓமந்தையில் வாகன வரிசை வெகுதூரம் நீண்டிருந்தது. பொதிகளை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையைப் பதிந்து, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர் நின்ற சூனியப் பிரதேசத்தைக் கடந்து, மறுபுறத்திலும் அதே சடங்கு. கொண்டு செல்லும் பொருட்களின் விபரம் எழுதிக் கொடுக்க வேண்டும். முகமாலையிலும் இதே நடைமுறை தலைகீழாக நடக்கும். ஒரு நாட்டுக்குள் இரண்டு எல்லைகள், நான்கு சோதனைகள்.

கூறைச்சேலை நான்கு இடங்களிலும் பிரிக்கப்பட்டது. முகூர்த்த வேளைக்கு முன்னர் அந்நியர் கை படக்கூடாது என்று மாமி வாய்க்குள் முணுமுணுத்தார். ஓரிடத்தில் ஓர் இளம் சிப்பாய், "கலியாணமா அம்மா?" என்று தெரிந்த தமிழில் கேட்டு, பிரித்த சேலையை மடிப்புக் கலையாமல் மீண்டும் வைக்க முயன்று தோற்றுப்போனார். மற்றோரிடத்தில் சீருடை அணிந்த ஓர் இளம்பெண், "பொறுங்கோ அம்மா, நான் மடிச்சுத் தாறன்" என்று வாங்கி மடித்தார். மடித்தபின் ஒரு கணம் சரிகையின் மீது கையை வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார். இருவருக்கும் இருபது வயதுக்குமேல் இராது. அவர்களுடைய கலியாணங்கள் நடந்தனவா என்று எனக்குத் தெரியாது.

புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் வந்தன. பெயர்ப்பலகை இருந்தது; ஊர் இருக்கவில்லை. வீதியின் இரு மருங்கிலும் மிதிவெடி அபாயத்தை அறிவிக்கும் சிவப்புப் பலகைகள். கால்மடித்து இருக்கவும் வீதியை விட்டு இறங்கவேண்டாம் என்று சாரதி எச்சரித்தார். முறிகண்டியில் மட்டும் வாழ்க்கை பழைய மாதிரியே இருந்தது. தேங்காய் உடைந்தது. கச்சான் விற்றவர்கள் ஓடிவந்தார்கள். மாமி கூறையைப் பிள்ளையாரின் முன்னால் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு வந்து, "இனிக் குற்றமில்லை" என்றார்.

முகமாலையை நாங்கள் அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு லொறியில் பெண்ணின் உறவினர்கள் நின்றார்கள். பாத்திரங்கள், வாழைக்குலைகள், பாய்கள், பிள்ளைகள். பெண்ணும் அவருடைய தாயும் இரண்டு நாட்கள் முன்னதாகவே போய்விட்டார்கள். தந்தை, தம்பி, தங்கை, அயலவர்கள் ஆகியோர் அந்த லொறியில் இருந்தார்கள். மாலையானதும் பாதை மூடப்பட்டுவிடும். அதற்குள் கடக்காவிட்டால் மறுநாள்தான். மறுநாட் காலை முகூர்த்தம். பெண்ணின் தந்தை, எழுபதை எட்டிய மனிதர், வரிசையின் நீளத்தையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வருசம் பொறுத்தனான் தம்பி, இந்த ஒரு மணித்தியாலம்தான் பொறுக்கேலாமல் கிடக்கு" என்று எனக்குச் சொன்னார்.

அவர்கள் கடந்தார்கள். நாங்களும் கடந்தோம். பாதை மூடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. ஞாயிறு காலையில் கூரையில்லாத வீட்டின் முற்றத்தில், பந்தலின் கீழ், அந்தத் தந்தை தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்ததும் அழுதவர்களில் ஆண்களே அதிகம் என்பது என் ஞாபகம். மத்தியானச் சாப்பாடு முடித்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம். முகமாலை அன்றும் மாலைக்கு முன்னர் மூடப்படுமல்லவா?

2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, நல்லூர்த் திருவிழாக் காலத்தில், முகமாலையில் சண்டை மூண்டு வீதி மறுபடியும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள் அங்கேயும், வந்தவர்கள் இங்கேயும் அகப்பட்டார்கள். மீண்டும் கப்பல், மீண்டும் விமானம், மீண்டும் அனுமதிப் பத்திரம். நண்பரின் மனைவி கொழும்பில், பெற்றோர் மல்லாவியில். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சியும், அடுத்த வாரத்தில் ஆனையிறவும் இராணுவத்தின் வசமாயின. வன்னி மக்கள் கிழக்கு நோக்கி முள்ளிவாய்க்கால்வரை தள்ளப்பட்டார்கள். போர் முடிந்தபின், செட்டிகுளம் மனிக் பாம் முகாமின் முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்று நண்பரின் மனைவி தாயையும் தங்கையையும் கண்டார். தந்தையும் தம்பியும் வரவில்லை.

தந்தையின் படம் அந்தக் குடும்பத்திடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மல்லாவியிலிருந்து புறப்பட்டபோது எடுத்துச் சென்றவை வழியிலேயே போய்விட்டன. கொழும்பில் இருந்த கலியாண ஆல்பத்தில்தான் அவர் இருக்கிறார். தாரை வார்க்கும் படம். தலையைக் குனிந்திருப்பதால் முகம் முழுமையாகத் தெரியாது. கைகள் தெளிவாகத் தெரிகின்றன. திவசத்துக்கு வைப்பதற்காக அதையே பெருப்பித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 2003 ஆவணியில் அந்த லொறி முகமாலையைக் கடந்திராவிட்டால் அந்தப் படமும் இருந்திராது.

2009 இன் இறுதியிலிருந்து கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி, இருபத்துநான்கு வருடங்களின் பின்னர், யாழ்தேவி யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் நுழைந்தது. வீதி அகலமாகி, வழுவழுப்பாகி, கொழும்பிலிருந்து ஓர் இரவில் போய்வரக்கூடியதாகிவிட்டது. ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் அந்த இடத்தைத் தூங்கியபடியே கடந்து போகிறார்கள். அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. வீதி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால், வீதி திறந்திருக்கும்போது வருவதற்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வந்திருக்கவேண்டியவர்களில் பலர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாடசாலைகளின் விடுமுறையைப் பார்த்தபின்னரே பலர் பஞ்சாங்கத்தை விரிக்கிறார்கள். அன்று கந்தோர் லீவு தீர்மானித்ததை இன்று விமானச் சீட்டு தீர்மானிக்கிறது. மற்றும் பலர் எந்த வீதியாலும் வரமுடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்களுடைய வரலாற்றை எழுத ஆவணங்கள் இல்லை என்று ஆய்வாளர்கள் குறைப்படுவதுண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை போக, எஞ்சிய பலவற்றை இடம்பெயர்வுகள் தின்றுவிட்டன என்பது உண்மையே. ஆயினும், புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கேயும் அலுமாரிகளில் கலியாண ஆல்பங்கள் கிடக்கின்றன. எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் வந்தார்கள், யாருடைய இடத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1985 இல் நூறு பேர் நின்ற படத்தில் 1997 இல் ஏன் பதினொரு பேர் நிற்கிறார்கள் என்று கேட்டால் ஒரு காலத்தின் கதை வெளிவரும்.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் திகதியையும் ஊரையும் நிற்பவர்களின் பெயர்களையும், வரமுடியாமற் போனவர்களின் பெயர்களையும் எழுதி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது.